மூலநிரலிலிருந்து ஒரு நீட்சி: திருப்பூர் அலுவலகக் கணினிக்கு அது தேவையா?

திருப்பூரில் ஒரு டி-சர்ட் முழுக்க ஒரே கூரையின்கீழ் உருவாவது அபூர்வம். நூல் மில்லிலிருந்து வருகிறது. நிட்டிங் ஓரிடம், டையிங் வேறிடம், காம்பேக்டிங் மூன்றாமிடம். கட்டிங்கும் தையலும் கம்பெனிக்குள் நடந்தாலும் பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகும். துணி நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு டெலிவரி செலான் போட்டாக வேண்டும்: எத்தனை ரோல், எத்தனை கிலோ, டயா என்ன, ஜிஎஸ்எம் என்ன, என்ன ஷேடு, எந்த லாட். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு; ஐடிசி-04 படிவம் அந்தக் கணக்கைக் கேட்கிறது. 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல்சார் வடிவமைப்புச் சட்டம், பொருள்களுக்கு, அவற்றின் விவரங்களைத் தாங்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கொண்டுவருகிறது. 2025 ஏப்ரலில் வெளியான அதன் செயல்திட்டத்தில் ஆடைகள் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. துணியின் வரலாற்றைக் கேட்பவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். அந்த வரலாறு எங்கே கிடக்கிறது, அதைத் துழாவிப் பார்க்கும் கருவி யார் கையில் இருக்கிறது?

இந்தப் பெரிய கேள்வியின் ஒரு மூலையை மட்டும் இங்கே பரிசீலிக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஒரு தரவுத்தளத்தை அலுவலக மேசையிலுள்ள சாதாரணக் கணினியில் வைத்துக்கொண்டு, அதற்குக் கூடுதல் திறன் தரும் ஒரு நீட்சியை மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்து சேர்ப்பது பனியன் கம்பெனிக்கு ஆகிற காரியமா? ஆகும் என்றாலும், செய்ய வேண்டியதுதானா? மூலநிரலிலிருந்து நிறுவுவது எப்போதும் கடைசி வழி. பெரும்பாலான தேவைகளுக்கு அதற்கு முன்பே வேறு வழி கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கடைசி வழி தெரிந்த ஆள் ஊரில் நாலு பேராவது இல்லையென்றால், மற்ற வழிகளும் யாரோ ஒருவரின் தயவில்தான் திறந்திருக்கும். ஆகவே இதை ஒவ்வொரு கம்பெனியும் கற்க வேண்டிய வித்தையாகப் பார்க்காமல், ஊர் வைத்துக்கொள்ள வேண்டிய திறனாகப் பார்ப்பதே சரி என்பது என் வாதம்.

இன்றைய நிலையிலிருந்து தொடங்குவோம். ஒரு காலத்தில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய சின்னச் சின்ன மென்பொருள்கள் கணக்கையும் சம்பளத்தையும் பார்த்துக்கொண்டன. அதன் கடைசிப் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2015 ஜனவரியில். டேலி கணக்குப் பிரிவில் நிலைத்துவிட்டது. உற்பத்திப் பக்கத்துக்கு வந்த ஈஆர்பி மென்பொருள்களில் பலவும் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓடுபவை. 2022 பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி தான் வரம்பு. செலான் வரிகள் மட்டும் என்றால் அது பல வருடம் தாங்கும். டிசைன் படங்களையும் டெஸ்ட் ரிப்போர்ட்டுகளையும் அதற்குள்ளேயே திணிக்க ஆரம்பித்தால் தாங்காது. இவற்றுக்கு மாற்றாக உலகெங்கும் நிலைபெற்றிருப்பது போஸ்ட்கிரெஸ். 1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அது. பயனர் தனக்கு வேண்டிய தரவு வகைகளையும் செயல்களையும் தானே சேர்த்துக்கொள்ளும்படி தரவுத்தளம் இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே அதன் நோக்கங்களில் ஒன்று. 1996இல் அதன் முழுப்பெயர் இன்றைய வடிவத்துக்கு வந்தது. 2011இல் வெளியான 9.1 பதிப்பில் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' என்ற ஒற்றைக் கட்டளை வந்தபிறகு, நீட்சி ஒன்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒழுங்குக்குள் வந்தன. உரிமக் கட்டணம் கிடையாது, அளவு வரம்பும் நடைமுறையில் கிடையாது.

சரி, பனியன் கம்பெனிக்கு நீட்சி எதற்கு? டையிங் பக்கம் போனால் பதில் கிடைக்கும். பையர் ஒரு ஸ்வாட்ச் அனுப்புகிறார். லேப் டிப் போட வேண்டும். மாஸ்டரின் முதல் கேள்வி, 'இதே ஷேடு முன்னாடி போட்டிருக்கோமா?' என்பதுதான். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஒரு நிறத்தை மூன்று எண்களாகத் தருகிறது: வெளிர்மை, சிவப்பு-பச்சை அச்சு, மஞ்சள்-நீல அச்சு. 1976இல் வகுக்கப்பட்ட சர்வதேச முறை இது. ஸ்வாட்ச் 41.2, 52.8, 24.6 என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு லாட் 41.9, 52.1, 25.0. வித்தியாசங்கள் 0.7, 0.7, 0.4, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 1.07. டெல்டா ஈ என்று லேபில் சொல்வது இதைத்தான். ஐயாயிரம் பழைய ரெசிபிகளில் இந்தத் தூரம் குறைந்த இருபதை எடுத்துக் கொடு என்பதைச் சாதாரண எஸ்கியூஎல்லிலும் எழுதலாம். ஆனால் போஸ்ட்கிரெஸோடு கூடவே வரும் 'கியூப்' என்ற நீட்சி அதை இண்டெக்ஸ் வைத்துச் செய்கிறது. பையர்கள் பெரும்பாலும் கேட்பது சிஎம்சி சூத்திரம். அது இந்த நேர்கோட்டுத் தூரம் அல்ல. அதனால் முதலில் கியூப் கொண்டு இருபதைப் பொறுக்கி, பிறகு அந்த இருபதுக்கு மட்டும் சிஎம்சி கணக்குப் போடுவதே முறை. கிடைக்கும் ரெசிபி அப்படியே பயன்படாது. நூல் லாட் மாறியிருக்கும், சாயத்தின் லாட் மாறியிருக்கும், தண்ணீர் விகிதம் மாறியிருக்கும். ஆனாலும் தொடக்கப் புள்ளி கிடைத்துவிடுகிறது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு ஊர் மாறிய பிறகு, ஒரு லாட்டை ரீ-டையிங் போடுவது வெறும் சாயச் செலவு அல்ல. அந்தத் தண்ணீரையும் உப்பையும் சுத்திகரித்து மீட்டெடுக்கும் செலவும் சேர்கிறது. ஒரு தேடல் அதில் ஒன்றிரண்டைத் தவிர்த்தாலே லாபம்தான்.

இந்தத் தேவைக்கு எதையும் கம்பைல் செய்ய வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் நிறுவியோடு கியூப் வந்துவிடுகிறது. ஒரு வரிக் கட்டளையில் இயங்கத் தொடங்கும். ஒரே டையிங் யூனிட்டை ஒருவர் 'ஸ்ரீ' என்றும் இன்னொருவர் 'ஷ்ரீ' என்றும் ஆங்கில எழுத்தில் நாலு விதமாகப் பதிந்து வைத்திருப்பதை ஒன்றுசேர்க்க உதவும் டிரைகிராம் நீட்சியும் அப்படித்தான். தமிழில் எழுதிய குறிப்புகளைத் தேட வேண்டுமென்றால், 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே தமிழ்ச் சொற்களின் விகுதியைக் கழித்துத் தேடும் வசதி போஸ்ட்கிரெஸுக்கு உள்ளேயே இருக்கிறது. உத்தேசமாகத்தான் வெட்டும், ஆனால் 'துணி' என்று தேடினால் 'துணியை' என்பதும் அகப்படுவதற்கு அது ஒரு வழி. நொய்யல் படுகையின் கிணறுகளையும் பட்டறைகளையும் வரைபடத்தில் பொருத்திப் பார்க்க விரும்புகிறவருக்கு போஸ்ட்ஜிஐஎஸ் தேவைப்படும். அதை வீட்டில் கம்பைல் செய்ய முயல வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடலாம்: அது ஜியோஸ், புரோஜ், ஜிடால் என்ற வேறு பெரிய நூலகங்களின்மேல் நிற்கிறது, ஒவ்வொன்றின் பதிப்பும் பொருந்தி வர வேண்டும். விண்டோஸ் நிறுவியின் ஸ்டாக் பில்டரில் ஆயத்தமாகக் கிடைக்கும்போது அந்தப் பாடு எதற்கு?

மூலநிரல் வரை போக வைக்கும் தேவை எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான், அது டிசைன் தேடல். பிரிண்ட் டிசைன்கள் ஆயிரக்கணக்கில் ஹார்ட் டிஸ்குகளில் கிடக்கின்றன, கோப்புப் பெயர் 'ஃபைனல்-2-நியூ' என்ற ரீதியில். பையர் ஒரு படத்தைக் காட்டி இதைப் போல ஒன்று வேண்டும் என்றால், மெர்ச்சண்டைசரின் நினைவுதான் தேடுபொறி. 2021இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் போன்ற மாதிரிகள் ஒரு படத்தை 512 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றித் தரும். தோற்றத்தில் நெருக்கமான படங்களின் வரிசைகளும் நெருக்கமாக இருக்கும். அந்த எண் வரிசைகளைத் தரவுத்தளத்திலேயே வைத்துத் தூரம் கணக்கிடுவது 'பிஜிவெக்டர்' என்ற நீட்சி. ஆண்ட்ரூ கேன் என்பவர் உருவாக்கி 2021இல் வெளியிட்டது. பத்தாயிரம் டிசைன்களுக்கு அது பிடிக்கும் இடம் சுமார் 20 எம்பி. பழைய கணினிகூடச் சமாளிக்கும். இந்த அளவுக்கு இண்டெக்ஸே தேவைப்படாது. பைத்தானில் நாலு வரி எழுதினால் இதே வேலை முடிந்துவிடுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தேடல் மட்டும் என்றால் முடிந்துவிடும். ஆனால் 'இந்தப் படத்தைப் போன்றவை, 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சியில் போட்டவை, போன இரண்டு சீசனில் கட்டிங் வேஸ்ட் எட்டு சதவீதத்துக்கு மேல் போகாதவை' என்று கேட்டால், டிசைனும் ஆர்டரும் செலானும் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒரே கேள்வியில் பதில் வரும். நீட்சியின் மதிப்பே அந்த இணைப்பில்தான்.

உபுண்டு போன்ற லினக்ஸில் பிஜிவெக்டர் ஆயத்தப் பொதியாகக் கிடைக்கிறது. ஒரு கட்டளை போதும். விண்டோஸில் அதன் ஆசிரியர் காட்டும் நேர்வழி கம்பைல் செய்வதுதான். அலுவலகங்களில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் என்பதால் விஷயம் இங்கேதான் நம்மிடம் வருகிறது. மைக்ரோசாஃப்டின் சி++ பில்ட் டூல்ஸை இறக்க வேண்டும், அது பல ஜிபி. உரிமம் பற்றிய பயம் சிலருக்கு உண்டு. திறந்த மூல சி++ நிரல்களைக் கம்பைல் செய்ய அந்தக் கருவிகளைத் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2022இலேயே அந்நிறுவனம் தெளிவுபடுத்திவிட்டது. பிறகு ஸ்டார்ட் மெனுவில் 'எக்ஸ்64 நேட்டிவ் டூல்ஸ்' என்ற கருப்புத் திரையை நிர்வாகி உரிமையுடன் திறக்க வேண்டும். சாதாரணக் கருப்புத் திரையில் கம்பைலரே அகப்படாது, 32 பிட் திரையைத் திறந்தால் பிழை வேறு விதமாக வரும். போஸ்ட்கிரெஸ் நிறுவியிருக்கும் கோப்புறையை 'பிஜிரூட்' என்ற மாறியில் சொல்ல வேண்டும். மூலநிரலை கிட் என்ற கருவி மூலம் குறிப்பிட்ட பதிப்புக் குறியோடு இறக்கி, 'என்மேக்' கட்டளையை அதன் விண்டோஸ் மேக்ஃபைலோடு ஒருமுறை, 'இன்ஸ்டால்' சேர்த்து மறுமுறை ஓட்ட வேண்டும். இதன் முடிவில் முக்கியமாக நடப்பது மூன்று வகைக் கோப்புகள் நகர்வதுதான்: ஒரு டிஎல்எல் கோப்பு 'லிப்' கோப்புறைக்கு, ஒரு கண்ட்ரோல் கோப்பும் சில எஸ்கியூஎல் கோப்புகளும் 'ஷேர்' கோப்புறைக்குள் இருக்கும் 'எக்ஸ்டென்ஷன்' கோப்புறைக்கு. கடைசியாக, வேண்டிய தரவுத்தளத்துக்குள் போய் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன் வெக்டர்' என்று கொடுக்க வேண்டும். திட்டத்தின் பெயர் பிஜிவெக்டர், நீட்சியின் பெயர் வெறும் வெக்டர். முழுப் பெயரைக் கொடுத்துவிட்டு, கண்ட்ரோல் கோப்பு இல்லை என்ற செய்தியைப் பார்த்து முழிப்பவர்கள் அநேகம். ஒவ்வொரு தரவுத்தளத்திலும் இந்தக் கட்டளையைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் முதல் தடவை யாருக்கும் தோன்றாது.

இதில் இடறும் இடங்கள் நிறைய இருந்தாலும், அவை எண்ணி முடிக்கக்கூடியவை. ஒரே கணினியில் 15ஆம் பதிப்பும் 17ஆம் பதிப்பும் இருந்தால், கம்பைல் ஒன்றுக்கு நடந்து சர்வர் வேறொன்றாக இருக்கும். நூலகத்தின் பதிப்பு பொருந்தவில்லை என்று போஸ்ட்கிரெஸ் ஏற்க மறுத்துவிடும். அது பிழையே அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு: ஒவ்வொரு டிஎல்எல்லிலும் தான் எந்தப் பெரும்பதிப்புக்கானது என்ற முத்திரை இருக்கிறது. லினக்ஸில் கம்பைல் செய்பவர்களுக்கு முதலில் வருவது 'போஸ்ட்கிரெஸ் டாட் ஹெச்' கோப்பு இல்லை என்ற புகார். சர்வரின் டெவலப்மெண்ட் பொதியைத் தனியாகப் போட்டால் தீரும். கொஞ்சம் நயமான சிக்கல் இன்னொன்று. லினக்ஸில் பிஜிவெக்டர் இயல்பாகவே தான் கம்பைல் ஆகும் கணினியின் பிராசஸருக்கு ஏற்பத் தன்னை இழைத்துக்கொள்கிறது. புதிய கணினியில் கம்பைல் செய்ததைக் கொண்டுபோய்க் காதர்பேட்டைக் கடையின் பழைய கணினியில் போட்டால், 'இல்லீகல் இன்ஸ்டிரக்ஷன்' என்று சொல்லிவிட்டு சர்வர் படுத்துவிடலாம். 'ஆப்ட்ஃபிளாக்ஸ்' என்ற அமைப்பை வெறுமையாக விட்டுக் கம்பைல் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சின்ன அலுவலகங்களில் பல தலைமுறைக் கணினிகள் கலந்து கிடப்பதால், இந்த ஒரு வரி விவரம் இங்கே மற்ற ஊர்களைவிட அதிகம் உதவும்.

இனி மறுப்புகள். முதலாவது, வியாபாரம் செய்பவருக்கு எதற்கு இந்த வேலை, கிளவுடில் எல்லாம் ஆயத்தமாக இருக்கிறதே என்பது. இதில் உண்மை இருக்கிறது. அமேசானின் ஆர்டிஎஸ் 2023இலேயே பிஜிவெக்டரைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாத வாடகை கொடுக்கத் தயாராக இருப்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஆனால் அங்கே பட்டியலில் உள்ள நீட்சிதான் கிடைக்கும், அவர்கள் வைத்திருக்கும் பதிப்புதான் கிடைக்கும். ஆர்டர் வறண்ட மாதத்திலும் வாடகை நிற்காது. அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி போட்டபோது, மாதாந்திரச் செலவு ஒவ்வொன்றையும் கம்பெனிகள் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டிவந்தது. டாக்கர் கண்டெய்னர் அல்லது விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் இருக்கும்போது கம்பைல் எதற்கு என்பது இதன் இன்னொரு வடிவம். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அதுவே நல்ல வழி, நானும் அதையே சொல்வேன். 8 ஜிபி கணினியில் டேலியும் எக்ஸெலும் பிரவுசரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க, டபிள்யூஎஸ்எல் இயல்பாகவே பாதி நினைவகம் வரை எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. ஈஆர்பி விற்றவரே பார்த்துக்கொள்வார் என்பது மூன்றாவது வடிவம். விற்றவர் தன் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொதுவானதைத்தான் செய்வார்; ஒரு கம்பெனியின் டிசைன் அலமாரி அவருடைய அக்கறை அல்ல, அப்படி எதிர்பார்ப்பதும் நியாயம் அல்ல.

பாதுகாப்பு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. யாரோ எழுதிய நிரலை இறக்கி, நிர்வாகி உரிமையுடன் கம்பைல் செய்து, கம்பெனியின் மொத்த ரகசியமும் இருக்கும் தரவுத்தளத்துக்குள் விடலாமா? சி மொழி நீட்சி சர்வருக்குள்ளேயே ஓடுகிறது. அதற்கு எட்டாதது எதுவும் இல்லை. 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் இந்த அச்சம் கற்பனை அல்ல என்று காட்டியது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஒரு சுருக்கு நூலகத்தின் பராமரிப்பாளராக மெல்ல மெல்ல இடம்பிடித்த ஒருவர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை நொடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்துத் துருவியவர். பின்கதவை எழுப்பும் நிரல்வரிகள் எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தன. இதிலிருந்து மூலநிரலே ஆபத்து என்ற முடிவுக்கு வருவது தவறு. ஏமாந்தவை ஆயத்தப் பொதிகளும்தான்; சில லினக்ஸ் வழங்கல்களின் சோதனைப் பதிப்புகளில் அந்த நூலகம் பொதியாகவே நுழைந்திருந்தது. கட்டிக் கொடுத்ததை வாங்குவதைவிட, பலர் கண்ணில் படும் களஞ்சியத்திலிருந்து குறிப்பிட்ட பதிப்பை எடுத்துத் தானே கட்டுவது ஒரு படி பாதுகாப்பு கூடியது. முன்பின் தெரியாத தளத்தில் யாரோ கம்பைல் செய்து வைத்த டிஎல்எல்லை இறக்கிப் போடுவதுதான் உண்மையான ஆபத்து. கம்பைல் செய்யப் பயந்தவர்கள் கடைசியில் செய்வது பெரும்பாலும் அதைத்தான்.

எனக்கு இன்னும் முழுப் பதில் இல்லாத மறுப்பு பராமரிப்பு பற்றியது. நிறுவுவது ஒரு மதிய நேர வேலை, வைத்துக்கொள்வது வருடக்கணக்கு. போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. பெரும்பதிப்பு மாறும்போது கம்பைல் செய்த நீட்சியைப் புதிய பதிப்புக்காக மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். செய்து வைத்த இளைஞர் அதற்குள் பெங்களூருக்குப் போயிருப்பார். அவர் எந்தப் பதிப்பை, எந்த அமைப்போடு கட்டினார் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இதற்கு வழக்கமான பதில் 'ஆவணப்படுத்துங்கள்' என்பது; நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனியில் அதை யார் செய்வார்? தனிக் கம்பெனியை அலகாக வைத்துப் பார்த்தால் இந்த மறுப்பு வென்றுவிடுகிறது. ஊரை அலகாக வைத்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு நிட்டிங் யூனிட்டும் மெஷின் ஃபிட்டரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கவில்லை, ஆனால் கூப்பிட்ட நேரத்துக்கு வரும் ஃபிட்டர்கள் ஊரில் இருக்கிறார்கள். தரவுத்தளத்துக்கும் அப்படி நாலைந்து பேர் போதும். தொழில்நுட்பமும் இதற்கு இடம் கொடுக்கிறது: 64 பிட் விண்டோஸில் 17ஆம் பதிப்புக்காக ஒருமுறை கட்டிய வெக்டர் டிஎல்எல், அதே பெரும்பதிப்பு ஓடும் எல்லா 64 பிட் விண்டோஸ் கணினிகளிலும் வேலை செய்யும். ஒருவர் கட்டினால் ஐந்நூறு அலுவலகத்துக்கு ஆகும்.

ஒருவரையே எல்லோரும் நம்புவதா என்று உடனே கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எந்தப் பதிப்புக் குறியிலிருந்து, எந்தக் கம்பைலரில் கட்டப்பட்டது என்பதை வெளியிட்டு, இரண்டாவது ஆள் தனியாகக் கட்டிச் சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது ஒரு ஏற்பாடு. விண்டோஸ் கம்பைலர் நேர முத்திரையைக் கோப்புக்குள் பதிப்பதால் இருவர் கட்டிய கோப்புகளும் பைட்டுக்குப் பைட் ஒத்துவராது. நீட்சியோடு வரும் சோதனைத் தொகுதி இரண்டிலும் தேறுகிறதா என்று பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்த அளவுகோல். இப்படிக் கூட்டாகச் செய்வது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 2011 தீர்ப்புக்குப் பிறகு தனித்தனிப் பட்டறையால் தாங்க முடியாத சுத்திகரிப்பை 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுமந்தன. 1990இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும், அதற்கு மூத்த தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர்கள் சங்கமும், நிஃப்ட்-டீ கல்லூரியும் இருக்கின்றன. கழிவுநீரோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லாத விஷயம்: ஒரு கணினி, ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர், ஆண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்புக்குக் கட்டும் கடமை. படிப்பதற்குத் தமிழிலும் பொருள் இல்லாமல் இல்லை. கணியம் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது, து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' வேறொரு தரவுத்தளத்தைப் பற்றியது என்றாலும் எஸ்கியூஎல் அறிமுகத்துக்குப் போதும்.

தனிக் கணினியின் இடம் இதில் எது? கற்கும் இடமும் சோதிக்கும் இடமும் அதுதான். சம்பளமும் செலானும் ஓடும் சர்வரில் யாரும் கம்பைலரை இறக்கக் கூடாது. அங்கே அது இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஈடிபி பிரிவுக்காரரின் மேசைக் கணினியில் நிறுவி, போன வருட ஆர்டர்களின் நகலை ஏற்றி, மெர்ச்சண்டைசரை உட்கார வைத்துத் தேடச் சொல்ல வேண்டும். அவர் ஒரு மாதம் பயன்படுத்தவில்லை என்றால் அந்தக் கம்பெனிக்கு அது தேவையில்லை, 'டிராப் எக்ஸ்டென்ஷன்' என்று ஒரு வரியில் நீக்கிவிடலாம். பயன்படுத்தினால் கட்டிய கோப்புகளை மட்டும் சர்வருக்கு நகர்த்தினால் போதும். இந்தச் சோதனையின் செலவு ஒரு பிராட்பேண்ட் இணைப்பும் இரண்டு மூன்று மதியங்களும். சில லட்சம் கொடுத்து வாங்கும் மென்பொருளை இப்படி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் கம்பெனிகள் இன்றே ஒன்று செய்யலாம்: 'செலக்ட் வெர்ஷன்' என்று கேட்டு எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள், கூடவே எந்தெந்த நீட்சி எங்கிருந்து வந்தது என்பதையும். 13ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. 14ஆம் பதிப்புக்கு 2026 நவம்பர் 12 வரைதான்.